வோல்ட் ஏறினால் வேகம் ஏறும், பிரேக் ஏறாது

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவுக்குப் போகும் சாலையில், கியா ஃபார்ம் சந்தையைத் தாண்டி வருவது திரிங்காப். கேமரன் மலையின் பல காய்கறித் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் இந்தச் சாலையைத்தான் நம்பியிருக்கின்றன. முட்டைக்கோஸ் ஏற்றிய லோரியும் சுற்றுலா பஸ்ஸும் வேலைக்குப் போகும் சைக்கிளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும் பாதை. மழை, மூடுபனி, அடுத்தடுத்து வளைவுகள், நீண்ட இறக்கங்கள். இப்படிப்பட்ட இடத்தில் மின்சைக்கிள் வாங்குபவர், “36 வோல்ட்டை 48 ஆக்கித் தருகிறோம், வண்டி பறக்கும்” என்ற பேச்சுக்கு மயங்கக் கூடாது.

பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. ஒரு மோட்டார் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று சுற்றும் என்பது அதற்குள் இருக்கும் செம்புக்கம்பிச் சுற்றையும் காந்தத்தையும் பொறுத்தது. அதை மாற்ற முடியாது. பேட்டரியின் வோல்ட் கூடினால் சுற்றும் கூடும். 36 வோல்ட்டில் சமதரையில் 25 கிலோமீட்டர் வேகம் போகும் மோட்டாரை 48-இல் ஓட்டினால், கணக்குப்படி 33-ஐத் தொடலாம். காற்றின் எதிர்ப்பு அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். ஈயப் பேட்டரி வண்டிகளிலும் இதே வேலைதான் நடக்கிறது. நான்கு 12 வோல்ட் பேட்டரிகளோடு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தால் 48 வோல்ட் 60 ஆகிவிடும்.

சொல்லாமல் விடும் மறுபாதிதான் ஆபத்து. 25-இல் ஓடும் வண்டியை நிறுத்த வேண்டிய தூரத்தைவிட 33-இல் ஓடும் வண்டிக்கு ஏறக்குறைய முக்கால் பங்கு கூடுதலாகத் தேவை. வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினாலும் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதே காரணம். பிரேக் கட்டையும் டயரும் சைக்கிளின் முன்கவையும் பழையவைதான். திரிங்காப்பின் ஈரமான இறக்கத்தில் அந்தக் கூடுதல் தூரத்தில் ஒரு லோரியையே முழுசாக நிறுத்தி வைக்கலாம்.

ஏற்றத்துக்காவது உதவுமா? அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மேடு ஏறத் தேவையானது முறுக்குவிசை. அதைத் தருவது மின்னோட்டம். கன்ட்ரோலர் அனுமதிக்கும் மின்னோட்டம் மாறாதவரை வோல்ட்டைக் கூட்டியதால் இழுவை கூடாது. மேட்டில் சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது பேட்டரியின் ஆற்றலில் கணிசமான பகுதி மோட்டாரின் உள்ளே சூடாகத்தான் போகும். உச்சியை அடைவதற்குள் சக்கரத்தின் நடுக்குடம் கையைச் சுடுகிறதென்றால் அது எச்சரிக்கை.

ஆனால் 48 வோல்ட் என்று எழுதியிருப்பதாலேயே ஒரு வண்டி குற்றவாளி ஆகிவிடாது. அதே வாட்டுக்கு வோல்ட் கூடினால் மின்னோட்டம் குறையும், ஒயர் சூடாவதும் குறையும். முறையாகத் தயாரித்த வண்டியில் எத்தனை வோல்ட் இருந்தாலும் 25 கிலோமீட்டரில் கன்ட்ரோலர் உதவியை நிறுத்திவிடும். தப்பு நடப்பது அந்த வரம்பை அவிழ்க்கும்போதும், 36-க்கென்று செய்த கன்ட்ரோலரில் 48 பேட்டரியைச் செருகும்போதும்தான்.

அடுத்து சார்ஜர். அதன் அடியில் ஒட்டியிருக்கும் சின்ன லேபிளைத் திருப்பிப் பாருங்கள். 36 வோல்ட் லித்தியம் பேட்டரிக்கு 42.0 என்றும் 48-க்கு 54.6 என்றும் இருக்கும். 36-இன் பேட்டரியில் பத்து செல்கள் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றும் 4.2 வோல்ட் வரைதான் தாங்கும். 54.6 சார்ஜரை அதில் செருகினால், பாதுகாப்புச் சுற்று செயலிழந்த நிலையில், ஒரு செல்லுக்கு 5.4 வோல்ட்டுக்கு மேல் போகும். தீப்பிடிக்க அதுவே போதும். வீட்டில் இரண்டு சார்ஜர்கள் இருந்தால் கலந்து வைக்காதீர்கள்.

சார்ஜ் ஏறும்போது வரும் தீ எவ்வளவு கொடியது என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் வேலூரில் இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பற்றி, தந்தையும் பள்ளி மாணவியான மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அந்த ஆண்டு அடுத்தடுத்து நிகழ்ந்த தீவிபத்துகளுக்குப் பிறகே இந்திய அரசு பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 தரவிதியைக் கடுமையாக்கி, 2022 டிசம்பர் முதல் கட்டங்கட்டமாக நடைமுறைப்படுத்தியது.

மலேசியாவில் மின்சைக்கிளுக்கென எம்.எஸ். 2514 என்ற தரம் இருக்கிறது. 25 கிலோமீட்டருக்குள், 250 வாட் மோட்டாரோடு, மிதிக்க உதவும் வண்டியே சைக்கிள் என்ற கணக்கில் வரும். 2021-இல் கொண்டுவந்த சிறுவாகனத் தடைவிதிகள், நின்றபடி ஓட்டும் மின்ஸ்கூட்டர் போன்ற சில வகைகளைச் சாலையில் முற்றிலும் தடுக்கின்றன. 2022 ஏப்ரலில் போக்குவரத்து அமைச்சு இதை அறிவித்தபோது மின்ஸ்கூட்டர் வைத்திருந்த பலர் அதிர்ந்தார்கள். வரம்பைத் தாண்டிய வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்பட்டால் பதிவு, லைசென்ஸ், 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம் கேட்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி எல்லாம் வேண்டும். இவை எதுவும் இல்லாமல் ஒருவரை மோதிவிட்டால் இழப்பீடு ஓட்டியவரின் சொந்தப் பையிலிருந்துதான் போகும். மாற்றித் தந்த கடை அங்கே வந்து நிற்காது.

வாங்கியவருக்கு உரிமையும் உண்டு. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருள் தரமாக இருக்க வேண்டும், சொன்ன வர்ணனைக்குப் பொருந்த வேண்டும். “விற்றதைத் திரும்பப் பெற மாட்டோம்” என்ற பலகை இந்த உரிமையைப் பறிக்காது. 25-க்குள் ஓடும் சைக்கிள் என்று விற்றது 40-இல் ஓடினாலும், 48 வோல்ட் என்று விற்றது 36 ஆக இருந்தாலும் புகார் சொல்லலாம். கடை மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. வழக்கறிஞர் வேண்டாம், 5 ரிங்கிட் கட்டணம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். இணையத்தில் வாங்கியதற்கும் வழி உண்டு. உடல்காயம், உயிரிழப்பு சார்ந்த இழப்பீட்டைத் தீர்ப்பாயம் விசாரிக்காது. அது சிவில் நீதிமன்றத்தின் வேலை. புகாரை எழுதத் தெரியாதவருக்குப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகள் வழிகாட்டும். வண்டியைத் தானே மாற்றச் சொல்லி வாங்கியவரின் வழக்கு மட்டும் தொடக்கத்திலேயே பலமிழந்துவிடும்.

வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விழுந்தால், தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவை மறக்க வேண்டாம். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வேலைவிபத்துப் பாதுகாப்பு உண்டு. முதலாளியிடம் உடனே சொல்லி, மருத்துவச் சான்றையும் வைத்திருங்கள்.

வாங்கும் நாளிலேயே ரசீதில் மாடல், வோல்ட், வாட், வேக வரம்பு நான்கையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.