கடிகாரம் ஒரு கணக்கு, கமிட்டி ஒரு கணக்கு
பாலக்காடும் இடுக்கியும் இந்தியாவுக்குத் தொடர்ந்து தடகள வீரர்களைத் தருகின்றன. அவர்களில் யாருக்கு வாய்ப்பு, யாருக்கு விருது என்பதைத் தீர்மானிப்பது எது?

கோழிக்கோட்டில் 2022 ஏப்ரலில் நடந்த ஃபெடரேஷன் கோப்பைத் தடகளப் போட்டியில், பாலக்காடு அரசு விக்டோரியா கல்லூரியில் கணிதம் படித்த முரளி ஸ்ரீசங்கர் 8.36 மீட்டர் நீளம் தாண்டினார். அது புதிய தேசிய சாதனை. ஆனால் தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைக்கவில்லை. தூத்துக்குடி மாவட்டம் முதலூரைச் சேர்ந்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.37 மீட்டர் தாண்டி அதைத் தட்டிச் சென்றார். ஆல்ட்ரினின் தாண்டல் சாதனைப் பட்டியலில் ஏறவில்லை. அவர் தாண்டியபோது பின்னாலிருந்து வீசிய காற்றின் வேகம் விநாடிக்கு 4.1 மீட்டர். சாதனையாக ஏற்க அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு 2 மீட்டர்தான். ஸ்ரீசங்கருக்கு அடித்த காற்று 1.5 மீட்டர்.

ஆக, ஒரே போட்டியில் ஒருவர் தங்கம் வென்றார், இன்னொருவர் சாதனை படைத்தார். இருவருமே நியாயம் கேட்டு நீதிமன்றத்துக்குப் போகவில்லை. காற்றைப் பற்றிய விதி, ஓடத் தொடங்கும் முன்பே இருவருக்கும் தெரியும்.

எல்லா வீரர்களுக்கும் இந்த வசதி வாய்ப்பதில்லை. அதைத் தெரிந்துகொள்ள, பாலக்காட்டு நகரத்திலிருந்து கோழிக்கோடு செல்லும் சாலையில் இருக்கும் முண்டூருக்குப் போக வேண்டும். அங்கே விவசாயக் கூலித் தொழிலாளர் குடும்பத்தில் 1995ல் பிறந்தவர் பி.யு. சித்ரா. பள்ளி நாட்களிலேயே தேசியப் போட்டிகளில் நடுத்தர, நெடுந்தூர ஓட்டங்களில் பதக்கங்களைக் குவித்தார். பள்ளிச் சாதனைகளுக்காக உத்தரப் பிரதேச அரசும் கேரள அரசும் ஆளுக்கொரு நானோ கார் கொடுத்துப் பாராட்டின. 2017 ஜூலையில் புவனேஸ்வரில் நடந்த ஆசியத் தடகள சாம்பியன்ஷிப் போட்டியில் 1500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். நேரம் 4 நிமிடம் 17.92 விநாடி.

அடுத்த மாதம் லண்டனில் உலக சாம்பியன்ஷிப். சர்வதேச சம்மேளனத்தின் விதிப்படி, கண்டத்தின் சாம்பியன் பட்டம் வென்றவர் நிர்ணயிக்கப்பட்ட தகுதி நேரத்தை எட்டாவிட்டாலும் எட்டியதாகவே கருதப்படுவார். ஆனாலும் அவரை அனுப்புவதா வேண்டாமா என்பது அந்தந்த நாட்டுச் சம்மேளனத்தின் கையில். இந்தியத் தடகள சம்மேளனம் அறிவித்த 24 பேர் அணியில் சித்ராவின் பெயர் இல்லை. அதே புவனேஸ்வரில் தங்கம் வென்ற அஜய் குமார் சரோஜ் (ஆண்கள் 1500 மீட்டர்), சுதா சிங் (தடை தாண்டும் 3000 மீட்டர்) பெயர்களும் இல்லை.

சம்மேளனத்தின் வாதத்தை முழுதாகத் தள்ளிவிட முடியாது. லண்டனுக்கான தகுதி நேரம் 4 நிமிடம் 7.50 விநாடி. சித்ராவின் தங்கப் பதக்க ஓட்டம் அதைவிட 10 விநாடிக்கும் மேல் மெதுவானது. 1500 மீட்டரில் 10 விநாடி என்றால் முன்னால் ஓடுகிறவர் ஏறக்குறைய 60 மீட்டர் தள்ளிப் போய்விடுவார். புவனேஸ்வருக்குச் சில நாள் கழித்து குண்டூரில் நடந்த மாநிலங்களுக்கிடையிலான போட்டியில் சித்ராவால் முதலிடம் பெற முடியவில்லை என்பதையும் சம்மேளனம் சுட்டிக்காட்டியது. உலக அரங்கில் பெயர் சொல்லும்படி ஓடக்கூடியவர்களை மட்டுமே அனுப்புவது அதன் நோக்கம்.

ஆனால் ஓட்டத்தின் தன்மை தெரிந்தவர்களுக்கு மறுபக்கமும் தெரியும். சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் 1500 மீட்டர் ஓடுகிறவர்கள் கடிகாரத்தைப் பார்த்து ஓடுவதில்லை. முதல் இரண்டு சுற்றுகளில் கூட்டமாக மெதுவாக ஓடி, ஒருவரையொருவர் கண்காணித்து, கடைசிச் சுற்றில் பாய்வார்கள். அங்கே வெற்றி எல்லோருக்கும் முன்னால் கோட்டைத் தொடுவதில் இருக்கிறது. அந்த ஓட்டத்தின் நேரத்தை எடுத்து, வேகத்துக்காகவே ஓடப்பட்ட ஓட்டத்தின் நேரத்தோடு ஒப்பிடுவது சரியான அளவுகோல் ஆகாது. கண்ட சாம்பியன்களுக்குச் சர்வதேச விதி தனிச் சலுகை தருவதற்கு இதுவும் ஒரு நியாயம்.

சித்ரா கேரள உயர் நீதிமன்றத்தை அணுகினார். அவரை லண்டன் போட்டியில் பங்கேற்கச் செய்ய வேண்டும் என்று ஜூலை 28 அன்று நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவு வந்தபோது பெயர் கொடுப்பதற்கான கெடு முடிந்திருந்தது. தாமதமாக வந்த கோரிக்கையைச் சர்வதேச சம்மேளனம் ஏற்கவில்லை. வழக்கில் கிடைத்த வெற்றியோடு சித்ரா ஊரிலேயே இருந்தார்.

இந்தக் கதைக்கு இரண்டாம் பாகம் உண்டு. 2018ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் சித்ரா 4 நிமிடம் 12.56 விநாடியில் ஓடி வெண்கலம் வென்றார். முதல் இரண்டு இடங்களும் பஹ்ரைன் வீராங்கனைகளுக்கு. 2019ல் தோஹாவில் மறுபடியும் ஆசிய சாம்பியன். இம்முறை உலகப் போட்டிக்கு அவரை அனுப்பினார்கள். அதே தோஹாவில், அதே ஆண்டு, உலக சாம்பியன்ஷிப்பின் முதல் சுற்றில் அவர் ஓடிய நேரம் 4 நிமிடம் 11.10 விநாடி. அரையிறுதிக்குப் போக அது போதவில்லை. ஆனால் அதுவரை தன் வாழ்நாளில் அவர் அதைவிட வேகமாக ஓடியதில்லை. பலம் வாய்ந்தவர்களோடு ஓடவிட்டால் சித்ராவின் வேகம் எவ்வளவு கூடும் என்ற கேள்விக்கு 2017லேயே விடை கிடைத்திருக்கலாம். அந்தச் சந்தர்ப்பத்தைக் கொடுக்காமலே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

அணித் தேர்வில் இப்படி என்றால், விருதில் கணக்கு வேறு மாதிரி. அமெரிக்காவில் சிறந்த கல்லூரிக் கால்பந்து வீரருக்கான ஹெய்ஸ்மன் கோப்பையை விளையாட்டு நிருபர்களும் முன்பு அதை வென்றவர்களும் வாக்களித்துத் தீர்மானிக்கிறார்கள். யார் பெயர் முந்துகிறது என்று பருவம் முழுக்க அங்கே பேச்சு நடக்கும். 1961ல் தொடங்கிய நமது அர்ஜுனா விருதும் நீண்ட காலம் கமிட்டியின் மனப்போக்கையே நம்பியிருந்தது. பின்னர் புள்ளிக் கணக்கு வந்தது. விண்ணப்பிக்கும் வீரரின் முந்தைய நான்கு ஆண்டுச் செயல்பாட்டைப் பார்க்கிறார்கள். ஒலிம்பிக், உலக சாம்பியன்ஷிப், ஆசிய விளையாட்டு, காமன்வெல்த் விளையாட்டு ஆகியவற்றின் பதக்கங்களுக்குப் பெரிய எடை. மிச்சத்தைக் கமிட்டி நிரப்புகிறது.

இந்தக் கணக்குத் தெரிந்தால் விருதுப் பட்டியலைப் பெருமளவு முன்கூட்டியே ஊகிக்கலாம். 2020ல் இந்தியத் தடகள சம்மேளனம் அர்ஜுனா விருதுக்குப் பரிந்துரைத்தவர்களில் சித்ராவும் இருந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவரை லண்டனுக்கு அனுப்ப மறுத்த அதே சம்மேளனம்தான். ஆனால் தடகளத்தில் விருது ஒடிசாவின் டூட்டி சந்துக்குப் போனது. டூட்டியின் கணக்கில் 2018 ஆசிய விளையாட்டின் இரண்டு வெள்ளிகள். சித்ராவின் கணக்கில் ஒரு வெண்கலம். அவர் இருமுறை ஆசிய சாம்பியன் ஆனது இந்தத் தராசில் முள்ளை நகர்த்தவில்லை.

ஸ்ரீசங்கர், ஆல்ட்ரின் விவகாரத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. இருவரில் யார் அதிக தூரம் தாண்டியவர் என்று கேட்டால் விடை ஆல்ட்ரின். 2023 மார்ச்சில் பெல்லாரியில் 8.42 மீட்டர் தாண்டி அவர் தேசிய சாதனையைக் கைப்பற்றினார். ஜூனில் புவனேஸ்வரில் ஸ்ரீசங்கர் 8.41 தாண்டினார். இடைவெளி ஒரு சென்டிமீட்டர். ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு முன்னேறியவரும் ஆல்ட்ரின்தான். ஸ்ரீசங்கர் தகுதிச் சுற்றோடு திரும்பினார். ஆனால் 2023க்கான அர்ஜுனா விருது ஸ்ரீசங்கருக்கு.

காரணம், பதக்கம். 2022ல் பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டில் 8.08 மீட்டர் தாண்டி வெள்ளி வென்றார். தங்கம் வென்ற பஹாமாஸின் லக்வான் நெய்ர்னும் தாண்டியது 8.08 தான். சமநிலை வந்தால் இருவரின் இரண்டாவது சிறந்த தாண்டலைப் பார்க்க வேண்டும் என்பது விதி. நெய்ர்னுக்கு 7.98, ஸ்ரீசங்கருக்கு 7.84. இங்கேயும் தகராறு எழவில்லை. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 8.19 மீட்டருக்கு மீண்டும் வெள்ளி. சீனாவின் வாங் ஜியானன் 8.22ல் தங்கம் வென்றார். அதே போட்டியில் ஆல்ட்ரினால் 8 மீட்டரை எட்ட முடியவில்லை. வாழ்நாளின் மிகச் சிறந்த தாண்டலை எந்த ஊரில், எந்த நாளில் தாண்டுகிறோம் என்பதற்கும் விருதில் விலை உண்டு.

இதில் அநியாயம் இருப்பதாகச் சொல்ல முடியாது. பெரிய மேடையில் நடுங்காமல் இருப்பதும் திறமைதான். ஸ்ரீசங்கர் அதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர். தந்தை முரளி தெற்காசியப் போட்டியில் மும்முறைத் தாண்டலில் வெள்ளி வென்றவர், மகனுக்குப் பயிற்சியாளரும் அவரே. தாய் பிஜிமோள் ஆசிய ஜூனியர் போட்டியில் 800 மீட்டர் வெள்ளி வென்றவர். இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தும் 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் 7.69 மீட்டருக்கு மேல் அவரால் போக முடியவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் பாட்டியாலாவில் அவர் தாண்டியது 8.26. டோக்கியோவை மட்டும் பார்த்து அவரைக் கழித்துக்கட்டியிருந்தால் மறு ஆண்டு பர்மிங்காம் வெள்ளி கிடைத்திருக்காது.

உடம்பும் ஒரு தேர்வுக் கமிட்டி. பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றுவிட்ட ஸ்ரீசங்கர், 2024 ஏப்ரலில் பயிற்சியின்போது முழங்காலில் அடிபட்டு அந்த ஒலிம்பிக்கையே இழந்தார். 2025ல் திரும்பி வந்து ஆகஸ்டில் புவனேஸ்வரில் 8.13 மீட்டருடன் முதலிடம் பெற்றார். செப்டம்பரில் டோக்கியோ உலகப் போட்டியில் 7.78 மீட்டரோடு தகுதிச் சுற்றில் வெளியேறினார்.

இடுக்கி மலைப் பக்கம் போனால் பழைய கணக்குகள் சில கிடைக்கும். போடிமெட்டு ஏறி, பூப்பாறையைக் கடந்து சென்றால் ராஜாக்காடு. அந்தப் பக்கத்து முல்லக்கானத்திலிருந்து வந்தவர் பிரீஜா ஸ்ரீதரன். பிறகு ரயில்வே வேலையில் பாலக்காட்டுக்காரர் ஆனார். 2010ல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரை 31 நிமிடம் 50.47 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். 25 சுற்றுகள் ஓடிய பிறகு, வெள்ளி வென்ற மகாராஷ்டிரத்தின் கவிதா ராவுத் ஒரு விநாடிக்கும் குறைவான தூரத்தில்தான் பின்னால் இருந்தார். அந்த ஒரு விநாடி விருதில் ஓர் ஆண்டு ஆனது. பிரீஜாவுக்கு 2011ல் அர்ஜுனா, கவிதாவுக்கு 2012ல்.

அதே மாவட்டத்துக் கொம்பிடிஞ்ஞாலைச் சேர்ந்த கே.எம். பீனாமோள் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் அரையிறுதி வரை போனார். அந்த ஆண்டு அர்ஜுனா. 2002 பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரிலும் 4x400 தொடரோட்டத்திலும் தங்கம், 400 மீட்டரில் வெள்ளி. அங்கேயே அவருடைய தம்பி பினுவும் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பீனாமோளுக்கு 2002க்கான கேல் ரத்னா, 2004ல் பத்மஸ்ரீ. இப்படிப் பதக்கங்கள் குவிந்துவிட்டால் கமிட்டிக்கு வேலை சுலபம்.

பயிற்சியாளர்கள் நிலை அப்படியில்லை. 1982 டில்லி ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்ற எம்.டி. வல்சம்மா, பாலக்காடு மெர்சி கல்லூரியில் படித்தவர். அந்த ஆண்டே அவருக்கு அர்ஜுனா, மறு ஆண்டு பத்மஸ்ரீ. அவரை உருவாக்கிய பயிற்சியாளர் ஏ.கே. குட்டிக்குத் துரோணாச்சார்யா விருது கிடைத்தது 2010ல். இடையில் 28 ஆண்டுகள்.

விருது என்பது சிலையும் சான்றிதழும் மட்டும் என்றால் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 2020ல் அர்ஜுனா விருதுத் தொகை 5 லட்சத்திலிருந்து 15 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. கேல் ரத்னா 25 லட்சம். ரயில்வேயிலும் காவல் துறையிலும் வேலை, அதில் பதவி உயர்வு எல்லாமே எந்தப் போட்டியில் ஓடினார், என்ன வென்றார் என்பதோடு பிணைந்தவை. கூலி வேலை செய்யும் வீட்டுப் பெண்ணுக்கு உலகப் போட்டி ஒன்று கை நழுவினால் அதனோடு புள்ளிகளும் பரிசுப் பணமும் கை நழுவக்கூடும்.

இந்தப் பகுதியில் ஓடுகிறவர்கள் குறையவில்லை. கேரளப் பள்ளித் தடகளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தின் கோதமங்கலம் பள்ளிகள் நெடுநாள் கோலோச்சின. அதை உடைத்து 2019, 2022, 2023ல் சாம்பியன் ஆனது பாலக்காடு. முண்டூர், பறளி போன்ற ஊர்ப் பள்ளிகளில் காலையில் ஓடும் பிள்ளைகளின் உழைப்பு அது.

அந்தப் பிள்ளைகள் கேட்கக்கூடியது பெரிய சலுகை ஒன்றும் இல்லை. காற்றுக்கு 2 மீட்டர் என்று எழுதிவைத்தது போல, சமநிலைக்கு இரண்டாவது தாண்டல் என்று எழுதிவைத்தது போல, அணித் தேர்வுக்கான அளவுகோலையும் பருவம் தொடங்கும் முன்பே எழுதி ஒட்ட வேண்டும். தங்கம் வென்றால் போதுமா, நேரமும் வேண்டுமா, எந்தப் போட்டி கடைசித் தேர்வு என்பதை ஓடுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும். கடுமையான விதியாக இருந்தாலும் அதற்கேற்பப் பயிற்சி செய்துகொள்வார்கள். சர்வதேச நாட்காட்டியில் 2026க்குக் குறிக்கப்பட்டவை கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டும் ஜப்பானின் ஐச்சி-நகோயா ஆசிய விளையாட்டும். இவை போன்ற எந்தப் போட்டிக்கும் அணியை அறிவிக்கும் நாளில், விடுபட்டவர் ஏன் விடுபட்டார் என்பதை முன்பே அச்சிட்ட ஒரு தாளைக் காட்டிச் சம்மேளனத்தால் விளக்க முடிய வேண்டும். அப்படி ஒரு தாள் 2017ல் சித்ராவின் கையில் இருந்திருந்தால், நீதிமன்றத்துக்குப் போகும் அவசியமே வந்திருக்காது.