வானொலி நாடக மொழிபெயர்ப்பில் ஒலியும் சொல்லும்

1. முன்னுரை

மேடையில் கண்ணும் செவியும் பகிர்ந்துகொள்ளும் செய்திகளை வானொலி நாடகத்தில் செவி ஒன்றே ஏற்க வேண்டியுள்ளது. 1924 ஜனவரி 15 அன்று லண்டனிலிருந்து ஒலிபரப்பான ரிச்சர்டு ஹியூஸின் நாடகம், விளக்கணைந்த நிலக்கரிச் சுரங்கத்தைக் களமாகக் கொண்டது. பாத்திரங்களும் கேட்போரும் ஒரே இருளில் இருந்தமையால் காட்சியை விளக்கும் தேவை குறைந்தது. பிற நாடகங்களில் இடத்தையும் ஆளையும் ஒலி உணர்த்த வேண்டும். அன்றேல் சொல் உணர்த்த வேண்டும். இப்பங்கீடு ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒருவகையாகவும் களத்தில் வேறுவகையாகவும் அமைகிறது. அவ்வேறுபாடு மொழிபெயர்ப்பாளரிடம் வேண்டுவன யாவை என்பதை இந்தி - தமிழ் மொழிபெயர்ப்பை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

2. தில்லிப் பின்னணி

தில்லி வானொலியில் 1941-42இல் பணியாற்றிய சாதத் ஹசன் மண்ட்டோ உருதுவில் ஏராளமான வானொலி நாடகங்களை எழுதினார். 1956இல் அகில இந்திய வானொலி தொடங்கிய தேசிய நாடக நிகழ்ச்சியின் வாயிலாக, ஒரு மொழியின் நாடகம் பிற மொழிகளில் பெயர்க்கப்பட்டு ஒலிபரப்பாயிற்று. வானொலி நாடக மொழிபெயர்ப்பு தனிப்பணியாக வளர்வதற்கு இது வழிவகுத்தது.

3. கூடப் பதிவு

கூடத்தில் நடிகர் ஒலிவாங்கியை அணுகியும் விலகியும் பேசித் தொலைவை உணர்த்துவர். கதவோசை, காலடியோசை முதலியன தனியே சேர்க்கப்படும். இங்கு இலக்கணக் கூறுகள் சில எளிதாகின்றன, சில கடினமாகின்றன.

இந்தி வினை பேசுவோரின் பாலைக் காட்டும் (ஜாத்தா ஹூம், ஜாத்தீ ஹூம்); தமிழின் 'போகிறேன்' காட்டாது. அச்சில் நேரும் இவ்விழப்பை நடிகரின் குரல் ஈடுசெய்துவிடுகிறது. ஆனால் இந்தியின் 'ஹம்' என்பதை 'நாம்' எனக் கொள்வதா, 'நாங்கள்' எனக் கொள்வதா என்பதைக் குரல் தீர்க்காது. கேட்கப்படுபவர் அக்குழுவில் அடங்குவாரா என்பதை மொழிபெயர்ப்பாளரே முடிவு செய்தல் வேண்டும்.

சுட்டுச் சொற்களும் இத்தகையனவே. 'இதை அங்கே வை' என்பது மேடைக்குப் போதும். வானொலிக்கு 'இந்தக் கூஜாவை ஜன்னலோரம் வை' என்று பெயர் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத் தமிழில் வழங்கும் 'உது' கேட்பவர் பக்கத்துப் பொருளைச் சுட்டுதலால், அங்குள்ள எழுத்தாளருக்குக் கூடுதல் வசதி உண்டு. வருதலும் தருதலும் தன்மை, முன்னிலைக்கும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கும் உரியன என்பது தொல்காப்பியக் கிளவியாக்கம் கூறும் மரபு. வானொலியில் 'வா', 'போ' என்னும் சொற்களே கேட்போரை ஓரிடத்தில் நிறுத்துகின்றன. 'வா' என்று அழைக்கப்பட்டவரின் குரல் ஒலிவாங்கியை விட்டு விலகுமாயின் காட்சி குலைந்துவிடும்.

4. களப் பதிவு

மத்திய அரசு ஊழியர் குடியிருப்பில் வாழும் தமிழ்க் குடும்பம் பற்றிய நாடகம் ஒன்று தில்லி மோதி பாக்கிலேயே பதிவு செய்யப்படுகிறது என்று கொள்வோம். அங்குத் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி உண்டு. அருகே சப்தர்ஜங் ரயில் நிலையமும் உண்டு. படிக்கட்டில் ஏறும் மூச்சிரைப்பும், சுவரில் பட்டுத் திரும்பும் குரலும் இயல்பாகவே கிட்டும். ஆகவே 'மாடிக்கு வந்துவிட்டேன்' போன்ற விளக்கத் தொடர்கள் மிகையாகின்றன. அவற்றை நீக்குதல் தகும்.

எனினும் அக்களத்தின் ஒலி இந்தி பேசுகிறது. 'ஆலூ லே லோ' எனும் காய்காரரின் கூவலைத் தமிழாக்கினால் தில்லி மறைந்துவிடும். விளக்கவுரை சேர்த்தால் நாடகம் நின்றுவிடும். 'உருளைக்கிழங்கு வந்திருக்கு, சில்லறை எடு' என இல்லத்தலைவி மகளிடம் கூறும் ஒரு தொடரே இரண்டையும் காக்கும்.

மற்றொரு சிக்கலும் உண்டு. கூடப் பதிவில் பேச்சும் பிற ஒலிகளும் தனித்தனியே இருப்பின், பின்னொலியை மொழிபெயர்ப்புக்கும் பயன்படுத்தலாம். களப் பதிவில் அவை ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. எனவே பேச்சில்லாத இடவொலியைச் சில நிமிடங்கள் தனியே பதிந்துவைத்தல் பிறமொழி வடிவங்களுக்கு உதவும்.

5. முடிவுரை

வானொலி நாடக மொழிபெயர்ப்பாளர் சொல்லை மட்டுமன்றி, சொல்லுக்கும் ஒலிக்கும் இடையிலான பங்கீட்டையும் பெயர்க்கிறார். ஒரே பனுவல் கூடத்திற்கு ஒருவகையாகவும் களத்திற்கு வேறுவகையாகவும் அமைய வேண்டும். பதிவு எங்கு நிகழும் என்பதை மொழிபெயர்க்கத் தொடங்குமுன்னரே அவருக்குத் தெரிவித்தல் இன்றியமையாதது. தெரிவிக்கப்படாதபோது, கேட்போர் ஒன்றையே ஓசையால் ஒரு முறையும் சொல்லால் மறுமுறையும் கேட்க நேரும்; அல்லது இரண்டாலும் அறியாது போவர்.