போடிமெட்டு தாண்டினால் யார் கணக்கில்?

போடியிலிருந்து விடிகாலை ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், போடிமெட்டு உச்சியைத் தாண்டியதும் இடுக்கி மாவட்டத்துக்குள் வந்துவிடுகிறார்கள். இடுப்பில் செருகிய போனும் தமிழ்நாட்டுத் தொலைத்தொடர்பு வட்டத்தை விட்டுக் கேரள வட்டத்துக்கு மாறுகிறது. அந்தச் சில நொடிகளில் நடப்பது ரொம்பச் சுவாரசியமானது.

சிம் கார்டின் நிரந்தர விவரங்கள் சொந்த வட்டத்தின் தலைமைப் பதிவேட்டில் இருக்கும். ஒவ்வொரு அழைப்புக்கும் முழு விவரத்தையும் அங்கிருந்து வரவழைத்தால் தாங்காது. அதனால் கேரளத்துக் கணினி ஒரு நகலை வாங்கித் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. இதற்குப் பெயர் வி.எல்.ஆர்., அதாவது வருகையாளர் பதிவேடு. மலைக்கு இந்தப் பக்கம் இருந்த பழைய நகலை அழிக்கச் சொல்லித் தலைமைப் பதிவேடு உத்தரவு போட்டுவிடும். இணையதளங்கள் வைத்திருக்கும் ‘கேஷ்’ என்பதும் இப்படி நகல் வைத்துக்கொள்ளும் வேலைதான்.

சிக்கல், சொல்லாமல் காணாமல்போகும் போன்களால் வருகிறது. காட்டுக்குள் பேட்டரி தீர்ந்த போன் விடைபெற்றுக்கொண்டா போகும்? அதற்காகத்தான் கெடு. ஜிஎஸ்எம் விதிப்படி, ‘இத்தனை நேரத்துக்கு ஒருமுறை ஆஜர் சொல்’ என்று கோபுரமே அறிவிக்கிறது. 6 நிமிடக் கணக்கில் அதிகபட்சம் 25.5 மணி நேரம்வரை வைக்கலாம். கெடு தாண்டியும் சத்தமில்லை என்றால் அந்த எண் அணைந்துவிட்டதாகக் கொள்ளப்படும். கெடுவைக் குறைத்தால் வெறும் ஆஜர் சொல்லியே பேட்டரி கரையும். கூட்டினால் செத்த போனை வட்டாரம் முழுக்கக் கூவித் தேட வேண்டியிருக்கும்.

சரி, லட்சக்கணக்கான பதிவுகளில் கெடு முடிந்தது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நொடிக்கு நொடி எல்லாவற்றையும் புரட்டுவது மடத்தனம். யாராவது கேட்கும்போது மட்டும் பார்க்கலாம். ஆனால் யாரும் கேட்காதவை குப்பையாகத் தேங்கும். சால்வடோர் சான்ஃபிலிப்போ 2009இல் வெளியிட்ட, கேஷாகவும் பயன்படும் ரெடிஸ் மென்பொருள், கேட்கும்போது பார்ப்பதோடு நொடிக்குப் பத்து முறை குலுக்கல் முறையில் 20 பதிவுகளையும் எடுத்துச் சோதித்தது. அவற்றில் கால்வாசிக்கு மேல் காலாவதி என்றால் உடனே இன்னொரு 20.

எனக்குப் பிடித்தது அதைவிடப் பழைய வழி. 1987இல் ஜார்ஜ் வர்கீஸும் டோனி லாக்கும் முன்வைத்த ‘காலச் சக்கரம்’. கடிகார முகம்போல வட்டமாகக் கட்டங்கள். ஒவ்வொரு பதிவும் தன் கெடு முடியும் கட்டத்தில் தொங்கும். முள் நகர நகர அந்தந்தக் கட்டத்தை மட்டும் பார்த்தால் போதும். போன் மறுபடி ஆஜர் சொன்னால், கழற்றிப் புதுக் கெடு முடியும் கட்டத்தில் மாட்டிவிடலாம். பதிவுகள் ஆயிரமோ கோடியோ, ஒன்றை மாட்டவும் கழற்றவும் ஆகும் வேலை ஒன்றுதான். ஆண்ட்ராய்டு போன்களுக்கு அடியில் ஓடும் லினக்ஸும் தன் கெடுக்களை இப்படியொரு சக்கரத்தில்தான் மாட்டிவைத்திருக்கிறது.