தனக்கென்று ஒரு ஜன்னல்

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மோர்க்குழம்பு திரிந்து போயிற்று. அதற்குக் காரணம் அத்தையின் கைப்பக்குவம் அல்ல; என்னுடைய செல்போன்.

மோர்க்குழம்பு வைக்க அத்தைக்கு யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை. ஆனால் மாடி வீட்டு மாமி, "அன்னாசிப் பழம் போட்டு வைத்துப் பாருங்கள், பிரமாதமாக இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பழத்தை மோருக்கு முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா என்பதுதான் சந்தேகம். குழம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, என் போனை வாங்கிப் பார்க்க ஆரம்பித்தாள்.

பக்கம் திறந்தது. திறந்தவுடன் ஒரு பெட்டி குறுக்கே வந்து, "குக்கீஸ் சம்மதமா?" என்று கேட்டது.

"குக்கீஸ் எல்லாம் எதற்குடா? மோர்க்குழம்பைத்தானே கேட்டேன்!" என்றாள் அத்தை.

அதை மூடினால், மனை விற்பனை விளம்பரம். அதை மூடினால், ஒரு மூலையில் யாரோ ஹிந்தியில் உரக்கப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவழியாகக் குறிப்பைக் கண்டுபிடித்து இரண்டு வரி படித்தாள். அதற்குள் மேலே ஒரு படம் வந்து உட்கார்ந்துகொண்டு, படித்த வரியைக் கீழே தள்ளிவிட்டது. இந்த அமர்க்களத்தில் அடுப்பில் இருந்தது பொங்கி, கொதித்து, திரிந்தும் போய்விட்டது.

"ஏண்டா, எழுதியிருப்பதை மட்டும் காட்டுகிற மாதிரி ஒன்றை இத்தனை பெரிய உலகத்தில் ஒருத்தனுமே பண்ணவில்லையா?" என்று கேட்டாள் அத்தை.

பண்ணியிருக்கிறார்கள். அதிலும், பிறருக்கு விற்பதற்காக இல்லாமல், தனக்கென்று உட்கார்ந்து பண்ணிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒருவருடைய கதையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதற்கு முன்னால், அத்தையின் குழம்பைக் கெடுத்த ஆசாமி யார் என்பதைப் பார்த்துவிடுவோம்.

போனிலும் கம்ப்யூட்டரிலும் பக்கங்களைத் திறந்து காட்டும் புரோகிராமுக்குப் பிரவுசர் என்று பெயர். தமிழில் 'உலாவி' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் ஒரு பக்கத்தைக் கேட்டால், அது அச்சடித்த காகிதம் மாதிரி முழு உருவத்தோடு வந்து இறங்குவதில்லை. ஒரு குறிப்புச் சீட்டுத்தான் வருகிறது. 'இது தலைப்பு, இது பாரா, இந்த இடத்தில் ஒரு படம் வர வேண்டும், அது இன்ன இடத்தில் கிடைக்கும்' என்று அதில் எழுதியிருக்கும். கல்யாணச் சமையற்காரர் லிஸ்டைப் பார்த்துச் சாமான்களை வரவழைத்துச் சமைத்து, இலை போட்டுப் பரிமாறுகிறாரே, அந்த வேலையைத்தான் பிரவுசர் கண் மூடித் திறப்பதற்குள் செய்கிறது.

1995-ம் வருஷத்திலிருந்து இந்தச் சீட்டோடு கூட ஓர் ஆளையும் அனுப்புகிற வழக்கம் ஏற்பட்டது. அந்த ஆளின் பெயர் ஜாவாஸ்கிரிப்ட். நம் வீட்டுக்குள்ளேயே வந்து நின்று வேலை செய்கிற ஆள். உபயோகமானவன்தான், ரயில் டிக்கெட் வாங்கும்போது தேதியைத் தொட்டவுடன் காலி இடங்களைக் காட்டுகிறவன் அவனே. ஆனால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு இன்னும் பத்துப் பேர் உள்ளே நுழைந்து, இந்த வீட்டில் யார் எதைப் படிக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மனை விளம்பரமும் ஹிந்திப் பேச்சும் அவர்கள் கொண்டுவந்த சீர்வரிசை!

ஆதியில் இந்தச் சங்கடம் எதுவும் கிடையாது. முதல் பிரவுசரை 1990-ம் வருஷக் கடைசியில் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர், ஜினீவா நகரத்தை அடுத்த ஸெர்ன் விஞ்ஞானக் கூடத்தில் எழுதினார். ஆனால் அது நெக்ஸ்ட் என்ற விலையுயர்ந்த ஒரு ஜாதிக் கம்ப்யூட்டரில் மட்டுமே ஓடும். மற்றவர்களும் பார்க்க வேண்டாமா? அந்தக் காரியத்தைச் செய்தவர் ஒரு மாணவி என்பது நம் சகோதரிகளில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். நிக்கோலா பெல்லோ என்று பெயர். இங்கிலாந்தில் லெஸ்டர் பாலிடெக்னிக்கில் கணிதம் படித்துக்கொண்டிருந்தவர், பயிற்சிக்காக ஸெர்னுக்கு வந்தார். எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடக்கூடிய ஒரு பிரவுசரை எழுதினார். படம் கிடையாது, வர்ணம் கிடையாது. வரி வரியாக எழுத்து மட்டும். வேறு பக்கத்துக்குப் போக வேண்டுமானால், பக்கத்தில் போட்டிருக்கும் எண்ணைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான். அத்தைக்கு ரொம்பப் பிடித்திருக்கும்!

அந்த வம்சம் அற்றுப் போய்விடவில்லை. 1992-ல் அமெரிக்காவில் கான்ஸஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த 'லிங்க்ஸ்' என்ற பிரவுசர் எழுத்தை மட்டுமே காட்டும். எழுத்தைக் குரலாக்கிக் கேட்கும் பார்வையற்றவர்களுக்கு அது நெடுநாள் துணையாக இருந்து வந்திருக்கிறது. 1999 டிசம்பரில் தென் அமெரிக்காவின் சிலி நாட்டைச் சேர்ந்த ஹோர்ஹே அரெயானோ சித் என்பவர் 'டில்லோ' என்று ஒன்றை ஆரம்பித்தார். பழைய கம்ப்யூட்டரும் மெதுவான டெலிபோன் இணைப்பும் வைத்திருக்கிறவனுக்கும் உலகத்துச் செய்தி கிடைக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. டில்லோ படத்தைக் காட்டும். ஆனால் சீட்டோடு வருகிற அந்த ஆளுக்கு மட்டும் கதவைத் திறக்காது. அதனாலேயே பழைய யந்திரத்திலும் பறக்கிறது. அதனாலேயே அதில் ரயில் டிக்கெட் வாங்க முடியாது! 2015-க்குப் பிறகு டில்லோ புதுப் பதிப்பு எதுவும் இல்லாமல் தூங்கிப் போய், 2024-ல் வேறு கைகளால் மறுபடி எழுந்து நடமாட ஆரம்பித்தது.

இனி, நான் சொல்ல வந்த மனிதருக்கு வருகிறேன்.

ஆண்ட்ரியாஸ் க்ளிங் என்பது அவர் பெயர். ஸ்வீடன் தேசத்துக்காரர். பிரவுசர் தொழிலில் ஊறியவர். நோக்கியாவிலும், பிறகு ஆப்பிள் கம்பெனியிலும் அதே வேலை. கை நிறையச் சம்பளமும் தொழிலில் நல்ல பெயரும் உள்ளவர் என்றுதான் வெளியிலிருந்து பார்க்கிற யாரும் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவரைப் போதைப் பழக்கம் பிடித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து மீள்வதற்காகச் சிகிச்சை நிலையத்தில் தங்கிச் சில மாதங்கள் சிகிச்சை பெற்று, 2018-ல் வெளியே வந்தார். இதை அவர் ஒளித்து வைக்கவில்லை. தாமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

வெளியே வந்தவருக்கு முதல் கஷ்டம் என்ன தெரியுமா? பொழுது. குடியையோ வேறு பழக்கத்தையோ விட்டவர்களை வீட்டில் வைத்துப் பார்த்த சகோதரிகளுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். பழக்கம் என்பது பணத்தை மட்டுமா தின்கிறது? நாளையே தின்றுகொண்டிருந்தது. அது போனவுடன், காலையில் எழுந்தால் இரவு வரையில் வெறிச்சென்று கிடக்கிறது பகல். அந்த வெறுமையில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். என் சிநேகிதர் ஒருவருடைய மனைவி, "அவர் விட்டுவிட்டார் என்று சந்தோஷப்படுவதற்குள், சாயங்காலம் ஆறு மணி வந்துவிடும், அப்போது என் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்" என்று சொன்னது எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

க்ளிங்குக்குச் சின்ன வயதிலிருந்து பிடித்த காரியம் ஒன்று இருந்தது: புரோகிராம் எழுதுவது. அதில் உட்கார்ந்தார். முதலில் துண்டு துண்டாக, இலக்கு எதுவும் இல்லாமல், கைக்கு வந்ததை எழுதினார். பிறகு அந்தத் துண்டுகளைச் சேர்த்தால் ஒரு முழுக் கம்ப்யூட்டரையே நடத்துகிற அமைப்பு ஆகிவிடும் போலிருக்கிறதே என்று தோன்றியது. 1990-களின் கடைசியில் தாம் பார்த்துப் பழகிய சாம்பல் நிற ஜன்னல்களும் பொத்தான்களும் கொண்டதாக, தமக்குப் பிடித்தபடி கட்டலானார். ஒரு விரதமும் வைத்துக்கொண்டார்: பிறர் எழுதிய சரக்கு எதையும் இரவல் வாங்குவதில்லை, எல்லாம் சொந்தக் கையால். அதற்கு 'ஸெரினிட்டி' என்று பெயர் வைத்தார். மன அமைதி என்று அர்த்தம். பழக்கத்திலிருந்து மீள்கிறவர்களின் கூட்டங்களில் சொல்லுகிற ஒரு பிரார்த்தனையில் வரும் வார்த்தை அது. எந்த வழியில் நடக்கத் தொடங்கினோம் என்பது மறந்து போகாமல் இருக்க அந்தப் பெயரை வைத்தாராம்.

வேலை செய்வதைப் படம் பிடித்து யூடியூபில் போட்டு வந்தார். இதை யார் பார்ப்பார்கள் என்று எனக்குக்கூடத் தோன்றியது. ஒருவர் உட்கார்ந்து தட்டெழுதுவதையும், தப்புச் செய்து, தலையைச் சொறிந்து, திருத்துவதையும் பார்ப்பதில் என்ன சுவாரசியம்? ஆனால் ஜனங்கள் பார்த்தார்கள். பார்த்தவர்களில் சிலர், நாங்களும் கை கொடுக்கிறோம் என்று வந்து சேர்ந்தார்கள்.

கட்டிய வீட்டுக்கு ஜன்னல் வேண்டாமா? 2019-ல், எளிமையான பக்கங்களைப் பார்ப்பதற்கு மட்டும் ஒரு சின்னப் புரோகிராமை எழுதினார். பிரவுசர் என்று சொல்லக்கூட முடியாது. தலைப்பு, பாரா, தடித்த எழுத்து, இவ்வளவையும் ஒழுங்காக அடுக்கிக் காட்டினால் போதும் என்ற அளவில் இருந்தது.

உலகத்தில் பிரவுசர்கள் பெயரளவில் ஏராளம். ஆனால் உள்ளே இருக்கிற யந்திரம் பெரும்பாலும் மூன்றே மூன்றுதான். கூகிளுடையது ஒன்று, ஆப்பிளுடையது ஒன்று, மொஸில்லாவுடையது ஒன்று. ஒவ்வொன்றும் லட்சக் கணக்கான வரிகள் கொண்டது. மைக்ரோஸாப்ட் மாதிரி மகா பெரிய கம்பெனியே, நம்மால் ஆகாது என்று தன் சொந்த யந்திரத்தைக் கைவிட்டு, 2020-ல் கூகிளின் யந்திரத்தை எடுத்துப் பொருத்திக்கொண்டது. அப்படிப்பட்ட துறையில் ஒரு தனி மனிதர் தம் சொந்த உபயோகத்துக்கென்று ஆரம்பித்தால் ஜனங்கள் சிரிக்கத்தானே செய்வார்கள்? ஆனால் க்ளிங் யாரோடும் போட்டிக்குப் போகவில்லை. அன்றைய பகலைத் தாண்ட வேண்டும்; அவ்வளவுதான். அந்த ஒரு பாதுகாப்பு மைக்ரோஸாப்டுக்கு இல்லை என்பது என் அபிப்பிராயம்!

2021-ல் வேலையை விட்டுவிட்டு, அன்பர்கள் அனுப்பும் பணத்தை நம்பி முழு நேரமும் இதிலேயே இறங்கினார். 2022-ல் அந்த ஜன்னலை மட்டும் பெயர்த்து, மற்றக் கம்ப்யூட்டர்களிலும் பொருத்தும்படி செய்தார். 'லேடிபேர்ட்' என்று பெயர்; நம் தோட்டத்துப் பொறிவண்டுதான். 2024 ஜூலையில், கிட்ஹப் கம்பெனியை ஆரம்பித்தவர்களில் ஒருவரான கிறிஸ் வான்ஸ்ட்ராத்துடன் சேர்ந்து இதற்காக லாப நோக்கமற்ற ஸ்தாபனம் ஒன்றை நிறுவினார். வான்ஸ்ட்ராத்தின் குடும்பம் பத்து லட்சம் டாலர் கொடுத்தது. விளம்பரக் காசோ, தேடல் கம்பெனிகளின் காசோ தொடுவதில்லை, நன்கொடை மட்டும்தான் என்பது ஏற்பாடு. 2026-ல் முதல் சோதனைப் பதிப்பு வெளியாகும் என்று அப்போதே அறிவித்தார்கள்.

இதில் ஒரு நஷ்டமும் இருக்கிறது. பொறிவண்டு இப்போது சின்ன வண்டு அல்ல. ஒருவருக்காக இருந்தவரை, அவருக்கு வேண்டியது மட்டும் இருந்தால் போதும். ஊருக்கென்று ஆனவுடன், ஊரில் உள்ள அத்தனை பேருடைய தேவையும் வந்து நிற்கிறது.

நம் தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கொடி' என்று எழுதினால், கம்ப்யூட்டர் முதலில் 'க'வையும் அடுத்து 'ஒ'காரக் குறியையும் வரிசையாக வைத்துக்கொள்கிறது. திரையில் போடும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். தனக்கு மட்டும் எழுதிக்கொள்கிற ஸ்வீடன்காரருக்கு இதைப் பற்றிக் கவலை எதற்கு? ஊருக்கென்றால் கவலைப்பட வேண்டும். கூகிளும் மொஸில்லாவும் இதற்கு 'ஹார்ஃப்பஸ்' என்கிற பொதுச் சரக்கைப் பயன்படுத்துகின்றன. பொறிவண்டுக்காரர்களும் கடைசியில் அதையேதான் எடுத்துக்கொண்டார்கள். சொந்தக் கையால் மட்டும் என்ற பழைய விரதம் அங்கே முடிந்தது. 2024-ல் ஸெரினிட்டியின் தலைமையையும் க்ளிங் பிறரிடம் விட்டுவிட்டு, பிரவுசரோடு தனியே வந்துவிட்டார். தமக்கென்று பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டை விட்டு, ஜன்னலைத் தூக்கிக்கொண்டு புறப்பட்ட மாதிரிதான்.

இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். போதைப் பழக்கத்தை விட்டவர் என்றதும், "அவனுக்கு அம்மா இருக்கிறாளா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

"சரி, அதெல்லாம் இருக்கட்டும். எனக்கு இப்போது என்ன வழி?" என்றாள்.

வழி சுலபம்தான். ஸஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் போன்ற பிரவுசர்களிலேயே 'ரீடர்' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதைத் தட்டினால் பெரும்பாலான பக்கங்களில் விளம்பரமும் பெட்டியும் மறைந்து, எழுத்து மட்டும் வெள்ளைக் காகிதத்தில் அச்சடித்தாற்போல் வந்து நிற்கும். எழுத்தைப் பெரிதாக்கவும் செய்யலாம். நேயர்கள் இன்றே சோதித்துப் பார்க்கலாம்.

தட்டிக் கொடுத்தேன். மனை விளம்பரமும் ஹிந்திக்காரரும் போன இடம் தெரியவில்லை. அத்தை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சாவதானமாக, முதலிலிருந்து கடைசி வரையில் படித்தாள். பிறகு போனை என் கையில் கொடுத்தாள்.

"இதில் தேங்காயே போடச் சொல்லவில்லையேடா! இந்தக் குறிப்பைப் பார்க்கவா நான் குழம்பைத் திரிய விட்டேன்?"