மூக்கிரட்டை

சென்னையின் யானைக்கவுனி போன்ற நெருக்கமான பகுதிகளிலும், சுவரடியிலும் இருப்புப்பாதையோரச் சரளையிலும் படரவல்ல மூக்கிரட்டை, அந்திமந்தாரைக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுச் செடியாகும். 1753இல் லின்னேயஸ் வெளியிட்ட ‘போயர்ஹாவியா டிஃப்யூசா’ என்னும் இதன் தாவரவியல் பெயர், லெய்டன் மருத்துவப் பேராசிரியர் ஹெர்மன் போயர்ஹாவேயை நினைவுகூர்கிறது.

கணுதோறும் எதிரெதிராக அமையும் இரு இலைகளுள் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருப்பதும், இலையின் அடிப்புறம் வெளிறியிருப்பதும் இதன் அடையாளங்கள். கடுகளவே தோன்றும் இளஞ்சிவப்புப் பூவில் உண்மையான அல்லி இதழ்கள் இல்லை. நிறமேறிய புல்லிவட்டமே, அதாவது பூவின் வெளியடுக்கே, இதழாகத் தோன்றுகிறது. ஐந்து வரிப்புடைய காயின் மேலுள்ள சுரப்பிகள் பசைபோல் ஒட்டுவதால், கால்நடைகளின் மயிரிலும் மனிதர் உடையிலும் பற்றிக்கொண்டு விதை பரவுகிறது. மேலே காய்ந்து கருகினாலும், ஆழத்தில் பருத்த ஆணிவேர் உயிரோடிருந்து மழைக்குப் பின் மீண்டும் தளிர்க்கும் திறன் வியப்புக்குரியது.

இளந்தளிரைப் பருப்போடு கூட்டாகவும் பொரியலாகவும் சமைப்பர். சித்த, ஆயுர்வேத மருத்துவங்கள் வேரைச் சிறுநீர்பெருக்கியாகவும் வீக்கம் குறைப்பதற்கும் பயன்படுத்துகின்றன. அதில் புனர்நவின் என்னும் காரப்போலியும், போரவினோன்கள் எனப்படும் சேர்மங்களும் உள்ளன. சதைப்பற்றுள்ள இலைகளைக் கொண்ட சாரணையை இதனோடு குழப்பிக்கொள்வது பொதுவான பிழை.

சாலையோரத்திலும் தண்டவாள ஓரத்திலும் வளர்ந்தவற்றில் மாசு சேர்ந்திருக்கக்கூடுமாதலால் அவற்றைப் பறித்து உண்ண வேண்டாம். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் இதை மருந்தாகக் கொள்ளலாகாது.