பதவி வந்தது, தலைமை வந்ததா?

பல ஆண்டுகள் ஒரே இயந்திரத்தின் முன் நின்று, பழுதின்றி வேலை செய்துவந்த ஒருவரை நிர்வாகம் ஒருநாள் அழைத்து, "நாளை முதல் நீர் மேற்பார்வையாளர்" என்று கூறுகிறது. வீட்டில் மகிழ்ச்சி பொங்குகிறது. அக்கம்பக்கத்தாருக்கு இனிப்பு வழங்கப்படுகிறது. மறுநாட் காலை அவர் பழைய பணிமனைக்குள் புதிய நிலையில் நுழைகிறார். நேற்றுவரை தோளில் கைபோட்டுப் பேசியவர்கள் இன்று சற்று விலகி நிற்கின்றனர். அவருடைய கைக்கு நன்கு தெரிந்த வேலை பிறர் கைக்கு ஏறவில்லை. சொன்னால் விளங்குவதில்லை, கடிந்துகொண்டால் முகம் சுளிக்கின்றனர். ஆறு திங்கள் கழிவதற்குள், ஒரு நல்ல தொழிலாளியை இழந்து ஒரு திறமையற்ற மேலாளரைப் பெற்றோமே என்று நிர்வாகம் வருந்துகிறது. அவரோ உறக்கமிழந்து, பழைய இயந்திரத்திடமே திரும்பிவிடலாமா என்று ஏங்குகிறார்.

இத்துன்பத்திற்கு அவருடைய குணக்கேடு காரணமன்று. வேலை செய்வது ஒரு திறமை; பிறரைக் கொண்டு வேலை செய்விப்பது முற்றிலும் வேறான திறமை. முன்னதை அவருக்குக் கற்பித்தார்கள். பின்னதை எவரும் கற்பிக்கவில்லை. தலைமைப் பண்பு பிறவியிலேயே வரும் பேறு என்று நாம் எண்ணிவிடுகிறோம். அவ்வெண்ணம் தவறு என்பதைச் சென்ற நூற்றாண்டின் வரலாறு ஒன்று தெளிவாகக் காட்டுகிறது.

போர்க்காலத்தில் பிறந்த பயிற்சி

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகள் இரவும் பகலும் இயங்க வேண்டியிருந்தது. தேர்ந்த தொழிலாளர் பலர் படையிற் சேர்ந்தனர். தொழிற்சாலையை முன்பின் கண்டிராத ஆண்களும் பெண்களும் இலட்சக்கணக்கில் வேலைக்கு வந்தனர். இவர்களைப் பழக்குவது யார்? இத்தேவையை நிறைவேற்ற 1940ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு, 'தொழிலகத்திற்குள் பயிற்சி' என்னும் பொருள்படும் பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 1945ஆம் ஆண்டில் அது முடிவுற்றபோது, 16,000க்கும் மேற்பட்ட தொழிலகங்களில் ஏறத்தாழ 17 இலட்சத்து 50 ஆயிரம் பேர் அதில் சான்றிதழ் பெற்றிருந்தனர்.

மேற்பார்வையாளர் ஒருவருக்கு ஐந்து தேவைகள் உண்டு என்று அத்திட்டத்தார் கண்டனர். தொழிலைப் பற்றிய அறிவும், தம் பொறுப்புகளைப் பற்றிய அறிவும் முதல் இரண்டு. இவற்றை அந்தந்தத் தொழிலகமே அளிக்க முடியும். கற்பிக்கும் திறன், வேலைமுறையைச் சீர்திருத்தும் திறன், மனிதரை நடத்தும் திறன் ஆகியவை எஞ்சிய மூன்று. இவை நூலைப் படிப்பதால் மட்டும் வருவதில்லை, பழகுவதால் வருவன. ஆகவே ஒவ்வொரு திறனுக்கும் பத்து மணி நேரப் பயிற்சி அமைத்தனர். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம், ஐந்து அமர்வுகள், பத்துப் பேர் அளவிலான சிறு குழு. ஒவ்வொருவரும் தம் பணிமனையின் உண்மையான சிக்கலையே கொண்டுவந்து பயில வேண்டும்.

ஒரு முடிச்சு கூறிய உண்மை

முதல் வகுப்பில் பயிற்றுநர் மின்விளக்குக் கம்பியில் இடும் ஒருவகை முடிச்சை எடுத்துக்கொள்வார். குழுவில் ஒருவரை அழைத்து, முடிச்சிடும் முறையை வாயால் மட்டும் விளக்குவார். அவரால் போட முடியாது. மற்றொருவருக்குப் பேசாமல் செய்து மட்டும் காட்டுவார், அவரும் தடுமாறுவார். அதன்பின் முறையாகக் கற்பிப்பார். கற்பவர் உடனே செய்துகாட்டுவார். நாள்தோறும் நம் பணியிடங்களில் நாம் செய்யும் தவறு அன்றோ இது! 'சொல்லிவிட்டேன்' என்பதைக் 'கற்பித்துவிட்டேன்' என்று எண்ணி ஏமாறுகிறோம்.

அவர்கள் கற்பித்த முறை நான்கு படிகளைக் கொண்டது. முதலாவது, கற்பவரின் அச்சத்தைப் போக்கி, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று அறிதல். இரண்டாவது, வேலையைப் படிப்படியாகச் சொல்லியும் செய்துகாட்டியும், எவ்விடத்தில் கவனம் வேண்டும் என்று அழுத்திக் கூறுதல். மூன்றாவது, அவரையே செய்யச் சொல்லி, செய்யும்போதே முக்கியக் கூறுகளை அவர் வாயால் விளக்கச் செய்து, பிழைகளை அவ்வப்போதே திருத்துதல். நான்காவது, தனியே வேலை செய்ய விட்டு, ஐயம் எழுந்தால் யாரிடம் கேட்பது என்று காட்டி, முதலில் அடிக்கடியும் பின்னர்ச் சிறிது சிறிதாகக் குறைத்தும் கவனித்தல். கற்றவர் கற்கவில்லையெனில் குறை கற்பித்தவருடையதே என்பது அவர்களின் அடிப்படைக் கொள்கை. இக்கொள்கையை ஏற்கும் மேலாளர், 'இவனுக்கு மூளையே இல்லை' என்று கூற நா எழமாட்டார்.

மனிதரை மனிதராக நடத்துதல்

மனிதரை நடத்தும் பயிற்சியில் நான்கு அடிப்படைகள் இருந்தன. ஒவ்வொருவருக்கும் அவர் வேலை எவ்வாறு உள்ளது என்பதைத் தெரிவித்தல். பாராட்டுக்குரியதைக் காலந்தாழ்த்தாது பாராட்டுதல். ஒருவரைப் பாதிக்கும் மாற்றத்தை முன்கூட்டியே அவருக்குக் கூறுதல். ஒவ்வொருவரின் திறமையையும் நன்கு பயன்படுத்துதல். கேட்பதற்கு எளியவை, ஆயினும் எத்தனை அலுவலகங்களில் இந்நான்கும் நாள்தோறும் மீறப்படுகின்றன!

சிக்கல் எழும்போது என் செய்வது? முதலில் உண்மைகளைத் திரட்டுக, பின்னர் அவற்றைச் சீர்தூக்கி முடிவெடுக்க, அதன்பின் செயற்படுக, இறுதியில் விளைவைச் சரிபார்க்க. இவ்வரிசை மாறினால் கேடு விளையும். ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். நேரந்தவறாத ஒரு பெண் தொழிலாளி ஒரு வாரமாகத் தாமதித்து வருகிறார். மேலாளர் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்து, அரைநாள் ஊதியத்தைப் பிடிக்கிறார். அப்பெண்ணின் தாய் மருத்துவமனையில் இருப்பதைப் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் அறிவார்கள். மேலாளர் ஒருவரே அறியார். தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் நேரத்தை மாற்றிக்கொடுத்து வேலையையும் காத்திருக்கலாம். இப்போதோ அவர் இழந்தது ஒருவருடைய அன்பை மட்டுமன்று. பார்த்துநின்ற அனைவருடைய நம்பிக்கையையும் இழந்தார்.

பழியைத் தாங்குவோரே தலைவர்

தலைமையின் மற்றொரு பக்கத்தை நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்று காட்டுகிறது. 1979 ஆகஸ்டு 10ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் கடலில் விழுந்தது. அத்திட்டத்தின் இயக்குநர் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம். செய்தியாளரை எதிர்கொண்டு, பொறுப்பைத் தம்மேல் ஏற்றுக்கொண்டவரோ விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18ஆம் நாள் அடுத்த முயற்சி வெற்றி பெற்றபோது, செய்தியாளரைச் சந்திக்குமாறு அவர் கலாமையே அனுப்பிவைத்தார். இதனைக் கலாம் பிற்காலத்தில் பல மேடைகளில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். தோல்வியைத் தாம் சுமந்து, வெற்றியைப் பிறருக்கு அளிக்கும் தலைவரின் கீழ் எவரும் உண்மையை மறைக்க மாட்டார். தவறு சிறிதாயிருக்கும்போதே வந்து கூறுவார். பழியைக் கீழே தள்ளும் தலைவரிடமோ, இயந்திரம் முழுவதும் பழுதான பின்னரே செய்தி வந்து சேரும்.

எங்குத் தொடங்குவது?

ஒன்றை மறத்தலாகாது. இனிய சொல் நேரிய ஊதியத்திற்கு ஈடாகாது. நியாயமான கூலியையும் பாதுகாப்பையும் மறுத்துவிட்டுப் பாராட்டை மட்டும் வழங்குவது ஏமாற்றே ஆகும். நேர்மை அடித்தளம், திறன் அதன்மேல் எழும் கட்டடம்.

இன்று பொறுப்பில் இருப்போர் நாளையே மூன்று செயல்களைத் தொடங்கலாம். ஒரு சிறு வேலையைத் தேர்ந்து, அதன் படிகளைத் தாளில் எழுதி, நான்கு படி முறையில் ஒருவருக்குக் கற்பியுங்கள். நீண்ட நாளாய்ப் பாராட்டுப் பெறாத ஒருவரிடம், அவர் செய்த நற்செயலைக் குறிப்பிட்டுப் பேசுங்கள். கடிந்துகொள்ள நா துடிக்கும்போது, 'எனக்குத் தெரியாத உண்மை ஏதேனும் உண்டா?' என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

மாலையில் தொழிலாளி வீடு திரும்பும்போது ஊதியத்தை மட்டும் கொண்டு செல்வதில்லை. அன்று தாம் கேட்ட சொற்களையும் கொண்டு செல்கிறார். அவமதிக்கப்பட்டவரின் வீட்டில் அன்றிரவு குழந்தைகளும் அச்சத்தோடு உண்கின்றன. மதிக்கப்பட்டவரின் வீட்டில் சிரிப்பு எழுகிறது. நாம் ஒருபோதும் நுழைந்திராத அந்த வீடுகளின் அமைதியில் ஒரு பகுதி நம் நாவில் இருக்கிறது என்பதை உணர்ந்த மேலாளரிடமே பதவியோடு தலைமையும் வந்து சேரும்.