இழுவைப் போட்டிக்கு மின்சாரத் தோட்ட டிராக்டர்

சங்கராந்திக் காலத்தில் ஆந்திர மாநிலத்தின் பல மாவட்டங்களில் எருதுகளைக் கொண்டு பெருங்கல்லை இழுக்கச் செய்யும் பந்தயங்கள் நடைபெறுகின்றன. தெலுங்கில் இதனைப் ‘பண்ட லாகுடு’ என்பர். குறித்த நேரத்திற்குள் கல்லை அதிகத் தூரம் இழுக்கும் இணைக்கே வெற்றி. மேலை நாடுகளில் இதே முறையில் டிராக்டர்களுக்கும் போட்டிகள் உண்டு. அவற்றில் இழுக்கப்படும் சறுக்கு வண்டி ஒரு தனி அமைப்புடையது. வண்டி முன்னேற முன்னேற, அதன் மேலுள்ள எடைப்பெட்டி பின்னிருந்து முன்னோக்கி நகர்ந்து தரையை அழுத்துகிறது. சுமை படிப்படியாகக் கூடி, முடிவில் டிராக்டர் நின்றுவிடுகிறது.

தோட்ட வேலைக்குரிய சிறு டிராக்டரில் எண்ணெய் என்ஜினை அகற்றி, மின்மோட்டாரும் சேமக்கலங்களும் பொருத்தி இத்தகைய போட்டிக்கு விடலாம். சேமக்கலங்கள் திருப்பதிக்கு அண்மையிலுள்ள கரகம்பாடியிலேயே பெருமளவில் செய்யப்படுகின்றன. ஆகவே சித்தூர், திருப்பதி வட்டாரத்துத் தொழிற்பயிற்சி ஆசிரியர்களுக்கு இது ஒரு நல்ல செய்முறைப் பாடமாகும். ஆயினும் போட்டியில் வெல்லும் பொறி வயலுக்கும் ஏற்றதெனக் கருதுவது தவறு. அதன் காரணத்தைக் கணக்கிட்டே அறியலாம்.

இழுவிசை எங்கிருந்து வருகிறது?

டிராக்டர் எவ்வளவு இழுக்கும் என்பதை அதன் குதிரைத்திறன் மட்டும் முடிவு செய்வதில்லை. சக்கரம் தரையைப் பற்றும் அளவே இறுதி எல்லை. இறுகிய உலர்ந்த செம்மண்ணில், பின் சக்கரங்களின் மீதுள்ள எடையில் 10-இல் 6 பங்கு இழுவிசையாகக் கிடைக்கும் என எடுத்துக்கொள்வோம்.

ஒரு டிராக்டரின் எடை 400 கிலோகிராம்; அதில் 240 கிலோகிராம் பின் சக்கரங்களின் மீது நிற்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 125 சென்டிமீட்டர். சங்கிலி மாட்டும் கொக்கி தரையிலிருந்து 25 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளது. இழுக்கும்போது முன்பக்கம் சற்றே இலேசாகி, இழுவிசையில் 5-இல் 1 பங்கு பின் சக்கரங்களின் மீது கூடுதலாக அழுத்தும். இதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஏறத்தாழ 164 கிலோகிராம் எடைக்குச் சமமான இழுவிசை கிடைக்கும். இதற்கு மேல் எத்துணைப் பெரிய மோட்டாரை வைத்தாலும் சக்கரம் வழுக்குமேயன்றி வண்டி நகராது.

இப்பொழுது 25 கிலோகிராம் எடையுள்ள ஈய-அமிலச் சேமக்கலங்கள் நான்கைப் பின் அச்சின் மேலேயே பொருத்துவோம். பின் சக்கரங்களின் மீதுள்ள எடை 340 கிலோகிராம் ஆகிறது. இழுவிசை 232 கிலோகிராமாக உயர்கிறது. சாலையில் ஓடும் காருக்குச் சுமையாகும் அதே எடை இங்கே துணையாகிறது. எடை வரம்புள்ள போட்டிகளில் எண்ணெய் டிராக்டர்கள் அவ்வரம்பை எட்ட இரும்புப் பாளங்களைச் சுமப்பதுண்டு. மின் டிராக்டரில் அப்பணியைச் சேமக்கலங்களே செய்கின்றன.

மோட்டாரும் மின்சாரச் செலவும்

எண்ணெய் என்ஜின் குறைந்த வேகத்தில் திணறி நின்றுவிடும். மின்மோட்டாரோ நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையைத் தரவல்லது. டிராக்டரின் பழைய பற்சக்கரப் பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, என்ஜின் இருந்த இடத்தில் கனத்த எஃகுத் தகட்டின் மேல் மோட்டாரைப் பொருத்தினால் போதும். 30 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரம் நொடிக்கு 1 மீட்டர் செல்ல, நிமிடத்திற்கு ஏறத்தாழ 32 முறை சுழல வேண்டும். 3,000 சுற்று மோட்டாராயின், அது சுமார் 94 முறை சுழலும்போது சக்கரம் ஒரு முறை சுழலும்படி பற்சக்கரங்கள் அமைய வேண்டும்.

232 கிலோகிராம் இழுவிசையை நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் செலுத்த 2.28 கிலோவாட் தேவை. வழுக்கலிலும் பற்சக்கரங்களிலும் ஏற்படும் இழப்பைக் கருதிச் சேமக்கலத்திலிருந்து 3.8 கிலோவாட் எடுப்பதாகக் கொண்டால், 48 வோல்ட்டில் ஏறத்தாழ 80 ஆம்பியர் ஓடும். 100 மீட்டர் ஓட்டம் 100 நொடிகளில் முடிந்துவிடும். செலவாகும் மின்சாரம் ஒரு யூனிட்டில் 10-இல் 1 பங்கைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

வயலில் நிலைமை வேறு

அதே பொறி மாந்தோப்பில் 4 மணி நேரம் இதே சுமையுடன் உழ வேண்டுமாயின் 15 யூனிட்டுக்கு மேல் தேவை. மேற்சொன்ன நான்கு சேமக்கலங்கள், ஒவ்வொன்றும் 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி உடையவையாயின், பெயரளவில் 4.8 யூனிட்டைக் கொள்ளும். விரைவாக மின்சாரம் எடுக்கும்போது அதில் ஏறத்தாழப் பாதியே பயன்படும். எனவே 40 நிமிடத்திற்குள் வேலை நின்றுவிடும். மேலும், உழுத இளகிய மண்ணில் பற்று 10-இல் 3½ பங்காகக் குறைந்தால், இழுவிசை 232-இலிருந்து 128 கிலோகிராமாக இறங்கிவிடும். போட்டிக்களத்தில் கண்டதை நம்பித் தம் டிராக்டரை மாற்றும் உழவர், செலவழித்த பணத்தை இழக்க நேரிடும்.

அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1969-இல் ‘எலெக்-டிராக்’ என்னும் 36 வோல்ட் தோட்ட டிராக்டரை ஈய-அமிலச் சேமக்கலங்களுடன் வெளியிட்டது. சில ஆண்டுகளில் அதன் உற்பத்தி நின்றது. அதே எடையில் சில மடங்கு மின்சாரம் கொள்ளும் லித்தியம் சேமக்கலங்கள் வந்த பின்னரே வயலுக்குரிய மின் டிராக்டர் கைகூடியது. துர்க்காபூரிலுள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் 2023 ஆகஸ்டில் அறிமுகம் செய்த சிறு மின் டிராக்டர், வீட்டு மின் இணைப்பில் 7 முதல் 8 மணி நேரம் மின்னேற்றினால் வயலில் 4 மணி நேரத்திற்கு மேல் உழைக்கும் என அறிவிக்கப்பட்டது. மத்தியப் பிரதேசத்தில் புத்னியிலுள்ள மத்தியப் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் மின் டிராக்டரை முதன்முதலாகச் சோதித்த செய்தி 2021 டிசம்பரில் வெளியாயிற்று. தென் மண்டலத்திற்கான இத்தகைய நிலையம் அனந்தபூர் மாவட்டத்துக் கார்லதின்னேயில் உள்ளது.

கவனிக்க வேண்டியவை

1. கொக்கி பின் அச்சின் மட்டத்திற்குக் கீழேயே இருக்க வேண்டும். உயர்த்தினால் டிராக்டர் முன்புறம் எழும்பிப் பின்னோக்கிக் கவிழ்ந்து ஓட்டுபவரை நசுக்கும்.

2. வீட்டு மாறுமின்னோட்டம் ஒரு நொடியில் 100 முறை சுழிநிலையை அடைவதால் அதில் எழும் தீப்பொறி எளிதில் அணைகிறது. நேர்மின்னோட்டத்தில் அவ்வாறு அணையாது. ஆகவே நேர்மின்னோட்டத்திற்கென்றே செய்த உருகியையும் சுவிட்சையும் மட்டுமே பயன்படுத்துக.

3. தொடர்ச்சுற்று மோட்டாரைச் சுமையின்றி ஓட்டலாகாது. வேகம் கட்டுக்கடங்காமல் ஏறி மோட்டார் சிதறும்.

4. மின்னோட்டம் இரு மடங்கானால் மோட்டாரில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். ஒவ்வோர் ஓட்டத்திற்கும் பின் மோட்டார் ஆற இடம் கொடுக்க வேண்டும்.

5. ஈய-அமிலச் சேமக்கலத்தை மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். காற்றில் அது 100-இல் 4 பங்கு சேர்ந்தாலே தீப்பற்றும். காற்றோட்டமான இடத்திலேயே மின்னேற்றுக.

6. ஓட்டுபவர் கீழே விழுந்தாலும் மின்சாரம் உடனே நின்றுவிடும்படி கயிற்றால் இழுபடும் சுவிட்ச் ஒன்று தேவை.

ஆசிரியர்கள் மாணவர்களைக் கொண்டு டிராக்டரைச் சங்கிலியால் உறுதியான மரத்தில் கட்டி, இடையில் ஒரு தொங்கு தராசை மாட்டி, சக்கரம் வழுக்கும்வரை இழுவிசையை அளக்கலாம். அவ்வமயம் சங்கிலியின் அருகில் எவரும் நிற்றலாகாது. முதலில் இறுகிய தரையிலும், பிறகு உழுத மண்ணிலும் அளந்து இரு எண்களையும் ஒப்பிட வேண்டும். களப் பணியாளர் அவ்விரு எண்களையும், ஒரு மணி நேர வேலைக்கு ஆகும் யூனிட்டுகளையும் உழவரின் முன் வைப்பாராயின், மின் டிராக்டர் தம் தோப்புக்கு ஏற்றதா என்பதை அவரே கணக்கிட்டுத் தீர்மானித்துக்கொள்வார்.